பல்லிக்குப் பயந்தால் படியேறு, ஊசிக்குப் பயந்தால் உடம்பை முறுக்கு

என் அக்காவுக்குப் பல்லி என்றால் பயம். முகத்தைச் சுளித்துவிட்டுப் போகிற பயம் இல்லை. குளியலறைச் சுவரில் பல்லி இருந்தால் அன்றைக்குக் குளியல் கிடையாது. ஒருமுறை சமையலறை ட்யூப்லைட் பக்கத்தில் ஒன்று வந்து உட்கார்ந்துவிட, கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரை அடுப்பிலேயே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடியவள், மாமா வேலை முடிந்து வரும்வரை ஒன்றரை மணி நேரம் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். சாம்பாரோடு பாத்திரமும் போயிற்று.

எனக்கு வேறு ரகம். ஊசி. ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் சிரிஞ்சுக்குள் சிவப்பு ஏறுவதைப் பார்த்தது வரை ஞாபகம் இருக்கிறது, அடுத்து ஞாபகம் இருப்பது லேப் தரை. அப்போது எனக்கு 31 வயது, கல்யாணம் ஆகிவிட்டது, மாமனார் வேறு பக்கத்தில் நின்றிருந்தார்.

எங்கள் இருவருக்கும் வீட்டில் கிடைத்த வைத்தியம் ஒன்றுதான்: கிண்டல். பிற்பாடு உருப்படியான சிகிச்சைக்குப் போனபோதுதான் தெரிந்தது, இரண்டுக்கும் ஃபோபியா என்று ஒரே பெயர் இருந்தாலும், அவள் போகவேண்டிய வழியும் நான் போகவேண்டிய வழியும் ஒரு முக்கியமான இடத்தில் நேரெதிராகப் பிரிகின்றன. 'பயமா? மூச்சை இழுத்து விடுங்க, உடம்பைத் தளர்த்துங்க' என்று எல்லாப் பயத்துக்கும் ஒரே கஷாயத்தைக் காய்ச்சி ஊற்றுகிறார்களே, அந்தக் கஷாயம் என் மாதிரி ஆளை மறுபடி தரையில்தான் படுக்கவைக்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அக்காவின் பல்லி.

பயம் எல்லோருக்கும் உண்டு, இருக்கவும் வேண்டும். அது எப்போது நோயாகிறது என்பதற்கு மனநல மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. உண்மையான ஆபத்துக்குச் சம்பந்தமே இல்லாத அளவு பயம், பெரும்பாலும் 6 மாதத்துக்கு மேல் நீடிப்பது, அதற்காக வாழ்க்கையின் ஏதோ ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க ஆரம்பிப்பது. மூன்றாவதுதான் உங்களுக்கே தெரியக்கூடிய அடையாளம். லிஃப்டுக்குப் பயந்து ஏழாவது மாடிக்கு நடந்தே ஏறுகிறவர் 'உடம்புக்கு நல்லதுதானே' என்று காரணம் வைத்திருப்பார். பல் டாக்டருக்குப் பயந்தவர் நாலு வருஷமாக ஒரே பக்கம் மென்று சாப்பிடுவார். விமானத்துக்குப் பயந்து வெளியூர் வேலையையே வேண்டாம் என்றவர்கள் இருக்கிறார்கள். இதெல்லாம் கணக்கில் வராமலே போகிற செலவுகள்.

சரி, பயம் ஏன் தானாகக் கரைவதில்லை? அக்கா பல்லியைப் பார்க்கிறாள், நெஞ்சு படபடக்கிறது, ஓடுகிறாள், வாசலுக்கு வந்ததும் 'அப்பாடா' என்றிருக்கிறது. வம்பே அந்த அப்பாடாவில்தான். ஓடினதால்தான் தப்பித்தோம் என்று மூளை குறித்துவைத்துக்கொள்கிறது. ஓடாமல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் (ஒன்றும் ஆகியிருக்காது, பல்லி அதுபாட்டுக்குக் கொசு பிடித்துக்கொண்டிருந்திருக்கும்) என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அதற்குக் கிடைப்பதே இல்லை. இப்படி இருபது வருஷம் ஓடினால் இருபது வருஷமும் பயத்துக்குச் சோறு போட்டு வளர்த்ததாகத்தான் அர்த்தம். 'வயசானா தானா போயிடும்' என்பது சிறுபிள்ளைகளின் சில பயங்களுக்குப் பொருந்தும், பெரியவர்களிடம் வேரோடிப்போன பயத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

இதற்கான வைத்தியத்துக்கு ஒரு நூற்றாண்டு வயதாகிறது. 1920-ல் அமெரிக்காவில் ஜான் வாட்சன் என்ற உளவியலாளரும் ரோசலி ரேனரும் சேர்ந்து ஒரு கைக்குழந்தைக்கு வேண்டுமென்றே பயத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். வெள்ளை எலியைக் காட்டும்போதெல்லாம் குழந்தையின் தலைக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்துப் பெரிய சத்தம் எழுப்புவது. கொஞ்ச நாளில் சத்தமே இல்லாமல் எலியைக் கண்டாலே குழந்தை அழுதது, முயலைக் கண்டும் அழுதது. பயத்தை வரவழைத்தார்களே தவிர எடுத்துவிடாமலே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கு யாரும் இப்படிச் செய்தால் கேஸ் ஆகிவிடும்.

அந்த வேலையின் மறுபாதியைச் செய்தவர் மேரி கவர் ஜோன்ஸ், ரேனரின் தோழி. நியூயார்க்கில் குழந்தைகளின் பயத்தைப் போக்க எது உதவும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து 1924-ல் எழுதினார். அவர் பார்த்த வழிகளைப் படித்தால் நம் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போனாரோ என்று தோன்றும். பயப்படும் பொருளைக் கொஞ்ச காலம் கண்ணில் காட்டாமலே வைத்திருப்பது, 'அது ஒண்ணும் பண்ணாதுடா' என்று பேசிப் புரியவைப்பது, மற்றக் குழந்தைகளை விட்டுக் கேலி செய்வது, கவனத்தை வேறு பக்கம் திருப்புவது. எதுவும் நம்பும்படி வேலை செய்யவில்லை. தெளிவாகப் பலன் தந்தவை இரண்டு. ஒன்று, பயப்படாத பிள்ளைகளோடு சேர்த்து விளையாடவிடுவது. இன்னொன்று, குழந்தை சந்தோஷமாக எதையாவது தின்றுகொண்டிருக்கும்போது பயப்படும் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவருவது.

அவருடைய புகழ்பெற்ற நோயாளி பீட்டர், கிட்டத்தட்ட 3 வயதுப் பையன், முயல் என்றால் அலறுவான். முதலில் கூண்டுக்குள் முயல், அறையின் அந்தக் கோடியில். அப்புறம் கொஞ்சம் பக்கத்தில், அப்புறம் கூண்டுக்கு வெளியே. நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் பையனுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குணமாகி வெளியே வந்து டாக்சியில் ஏறும் நேரத்தில் பெரிய நாய் ஒன்று அவன்மேல் பாய, பயம் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. ஜோன்ஸ் மறுபடி முதல் படியிலிருந்து, இந்த முறை அவனுக்குப் பிடித்த சாப்பாட்டோடு, தொடங்கினார். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கும்வரை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான் பீட்டர். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்த நாய்தான். பயம் திரும்ப வந்தால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை, கீழ்ப் படிக்கு இறங்கி மறுபடி ஏறவேண்டும், அவ்வளவுதான் என்பதை அந்த முதல் நோயாளியே காட்டிவிட்டான்.

பிறகு தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஜோசப் வோல்பி என்ற மனநல மருத்துவர் இதைப் பெரியவர்களுக்கான முறையாக ஒழுங்குபடுத்தி 1958-ல் புத்தகமாக்கினார். தசைகளைத் தளர்த்தப் பழக்குவது, பயங்களை ஏணிப்படி மாதிரி வரிசைப்படுத்துவது, தளர்ந்த நிலையில் ஒவ்வொரு படியாக மனதில் கற்பனை செய்வது. இன்று கற்பனையைவிட நேரடியாக எதிர்கொள்வதற்குத்தான் முக்கியத்துவம் தருகிறார்கள். எக்ஸ்போஷர் தெரபி என்று சொல்வது இதைத்தான். கூடவே 'பல்லி என்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறேன்' என்பதைக் கேட்டு வெளியே எடுத்துச் சரிபார்க்கும் வேலையும் சேர்ந்தால் அதை சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்து மாற்றும் சிகிச்சை, என்பார்கள். குறிப்பிட்ட ஒரு பொருள் அல்லது சூழல் பற்றிய பயத்துக்கு இதுதான் இன்றைக்கு முதல் சிகிச்சை.

அக்காவின் ஏணி இப்படி இருந்தது. முதல் படி, 'பல்லி' என்று தாளில் எழுதுவது. சிரிக்காதீர்கள், அவளுக்கு அதுவே கை நடுங்கிற்று. அப்புறம் கோட்டுச் சித்திரம், அப்புறம் கறுப்பு வெள்ளைப் படம், கலர் படம், ஓடாத வீடியோ, ஓடுகிற வீடியோ. பிறகு கடையில் விற்கும் ரப்பர் பல்லி, அதுவும் முதலில் மேஜையின் அந்தப் பக்கம், பிறகு உள்ளங்கையில். பிறகுதான் உண்மையான பல்லி, ஹாலின் எதிர்ச் சுவரில். ஒவ்வொரு படியிலும் பயத்துக்கு 0 முதல் 100 வரை மார்க் போடவேண்டும். படபடப்பு இருக்கும்போதே எழுந்து ஓடக்கூடாது, அது நன்றாகத் தணிகிறவரை, அல்லது 'நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை' என்று தெரிகிறவரை அங்கேயே இருக்கவேண்டும். பாதியில் ஓடினால் மறுபடியும் அந்த அப்பாடாவுக்கே சம்பளம் கொடுத்ததாகும்.

நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு, புத்தகங்களில் இதை யாரும் எழுதுவதில்லை. வேண்டாத நேரத்தில் எட்டு பல்லி வரும், பயிற்சிக்கு உட்கார்ந்தால் ஒன்றுகூட வராது. ராத்திரி ஏழு மணிக்கு மேல் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, பூச்சி கூடக் காத்திருந்து செய்த சிகிச்சை அது.

நாய்ப் பயத்துக்கு இதே ஏணிதான், ஆனால் நம் ஊருக்கு ஒரு எச்சரிக்கை. நம் தெருநாய்க்குப் பயப்படுவதில் பாதி நியாயமான பயம், வெறிநாய்க்கடி இங்கே உண்மையான ஆபத்து. ஆகவே பயிற்சியைத் தடுப்பூசி போட்ட, சாதுவான, சொன்ன பேச்சு கேட்கும் வளர்ப்பு நாயோடுதான் செய்யவேண்டும், உரிமையாளர் கயிற்றைப் பிடித்திருக்க. தெருமுனையில் குரைக்கும் நாய்க்கூட்டத்துக்குள் போய் நின்று தைரியம் காட்டச் சொல்லும் மாமாக்களை நம்பவேண்டாம். அப்படித் தூக்கிப் போடுவதும் சிகிச்சையும் ஒன்றில்லை. சிகிச்சையில் அடுத்த படிக்குச் சம்மதம் சொல்கிறவர் பயப்படுகிறவர்தான், எந்தப் படியிலும் ஏமாற்று வேலை கூடாது. 'சும்மா படம்தான்' என்று சொல்லிவிட்டு நிஜப் பல்லியைக் காட்டினால் அன்றோடு நம்பிக்கை போயிற்று.

பலரும் தடுக்கி விழும் இடம் ஊன்றுகோல்கள். அக்கா எதிர்ச் சுவர்ப் பல்லியைப் பார்த்துக்கொண்டு அரை மணி உட்கார்ந்திருப்பாள், ஆனால் கையில் துடைப்பம் இருக்கும், மாமா பக்கத்தில் இருக்கவேண்டும், காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்திருப்பாள். பார்ப்பவருக்குத் தைரியம் வந்துவிட்டதாகத்தான் தெரியும். உள்ளே அவள் மூளை சொல்வது வேறு: 'துடைப்பம் இருந்ததால் பிழைத்தேன்'. விமானத்தில் கைப்பிடியை நசுக்கிப் பிடித்துக்கொள்வதும் கூட்டத்தில் தண்ணீர் பாட்டிலை விடாமல் வைத்திருப்பதும் இந்த ஜாதிதான். ஆரம்பப் படிகளில் ஊன்றுகோல் இருந்தால் குற்றமில்லை, ஆனால் ஏணியில் மேலே போகப்போக அதையும் ஒவ்வொன்றாகக் கீழே வைக்கவேண்டும். தாயத்தும் மந்திரிப்பும் இதே கணக்கில்தான் வரும் என்பது என் கருத்து. கட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனால் போகட்டும். கயிறு அறுந்த அன்றைக்கு என்ன செய்வாள் என்பதுதான் கேள்வி. மூச்சுப் பயிற்சியும்கூட, 'இதைச் செய்யாவிட்டால் செத்துப்போவேன்' என்ற பிடிமானமாக மாறினால் இன்னொரு தாயத்துதான்.

இதற்கெல்லாம் வருஷக்கணக்கில் ஆகாது. ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ்-யோரான் ஊஸ்ட் என்ற உளவியலாளர் 1989-ல் ஒரே அமர்வில், அதிகபட்சம் 3 மணி நேரத்தில், முடிக்கும் முறையை விவரித்தார். சிலந்தி, பாம்பு மாதிரியான பயங்களுக்கு இன்று பல நாடுகளில் அது பயன்படுகிறது. சிகிச்சையாளர் முதலில் தானே செய்துகாட்டி, பிறகு கூடவே செய்து, கடைசியில் தனியாகச் செய்யவைப்பார். அக்காவுக்கு ஏழு வாரம் ஆனது, வாரம் ஒரு அமர்வு, நடுவில் வீட்டுப்பாடம்.

இப்போது என் கதை. பல்லியைக் கண்டாலும் லிஃப்டில் ஏறினாலும் ஏறக்குறைய எல்லாப் பயத்திலும் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். மயக்கம் வருவதற்கோ ரத்த அழுத்தம் இறங்கவேண்டும். அதனால்தான் 'பயத்தில் மயங்கி விழுந்துவிடுவேனோ' என்று தவிக்கிற பெரும்பாலானோர் விழுவதே இல்லை. ரத்தம், காயம், ஊசி பற்றிய பயம் மட்டும் விதிவிலக்கு. அதில் முதலில் ஏறுகிறது, அடுத்த கணம் இரண்டும் தடாலென்று இறங்குகிறது, மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது, ஆள் சாய்கிறார். இது குடும்பத்தில் ஓடுகிற சமாச்சாரமும்கூட. என் அப்பா தன் வாழ்நாளில் ஒருமுறைகூட ரத்ததானம் செய்யாததற்கு 'நேரமில்லை' என்று சொல்லிவந்த காரணம் எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அப்படியானால் ஏற்கெனவே இறங்கப்போகிற அழுத்தத்தை வைத்துக்கொண்டு 'உடம்பைத் தளர்த்துங்கள்' என்றால்? அதுதான் நான் முதலில் சொன்ன கஷாயம். இங்கே செய்யவேண்டியது தலைகீழ், உடம்பை முறுக்கவேண்டும். இதையும் 1980-களில் முறைப்படுத்தியவர் அதே ஊஸ்ட்தான். உட்கார்ந்துகொண்டு கை, கால், வயிறு, முதுகுத் தசைகளை எல்லாம் ஒருசேர இறுக்குங்கள். முகத்தில் சூடு ஏறுகிற மாதிரி தெரியும், அதுவரை, சுமார் 10 முதல் 15 விநாடி. பிறகு விட்டுவிடுங்கள், ஆனால் தொய்ந்துபோகாமல், சாதாரணமாக உட்கார்ந்திருக்கிற அளவுக்கு மட்டும், 20 முதல் 30 விநாடி. மறுபடி இறுக்கம். இப்படி ஐந்து தடவை. வீட்டில் ஒரு வாரம் தினமும் சில வேளை பழகிவிட்டு, அப்புறம்தான் ஏணியில் கால்வைக்க வேண்டும்: சிரிஞ்சு படம், ரத்தம் எடுக்கும் வீடியோ, கையில் வெறும் சிரிஞ்சு, லேப் வாசல், கடைசியில் நாற்காலி. தலை லேசாகச் சுற்றுவது, வியர்ப்பது, காது அடைப்பது என்று மயக்கத்தின் முதல் அறிகுறி தெரிந்ததும் இறுக்குவதற்குக் கற்றுக்கொள்வதுதான் இதில் வித்தை. ஊசி போடுகிற கையை மட்டும் தளர்வாக விட்டுவிடவேண்டும், இல்லாவிட்டால் வலி கூடும். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் இதைச் செய்யவேண்டாம்.

பயிற்சி முடியாதவர்களுக்கு இன்னும் எளிய வழிகள் உண்டு. லேபில் உள்ளே போகும்போதே 'எனக்கு மயக்கம் வரும், படுத்துக்கொண்டு கொடுக்கிறேன்' என்று சொல்லிவிடலாம். பெரும்பாலான இடங்களில் ஒரு கட்டில் இருக்கும். கேட்பதற்கு வெட்கப்பட்டு நாற்காலியில் உட்கார்ந்து தலையில் அடிபட்டுக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். வலிக்குப் பயப்படும் குழந்தைகளுக்குத் தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு இருக்கிறது, சுமார் ஒரு மணி நேரம் முன்பே தடவவேண்டும், டாக்டர் எழுதித் தருவார். அதைவிட முக்கியம், 'ஊசி போடமாட்டாங்க, சும்மா பாப்பாங்க' என்று பொய் சொல்லிக் கூட்டிப்போகாமல் இருப்பது. 'சாப்பிடாட்டி டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போடச் சொல்லுவேன்' என்று மிரட்டி வளர்த்த பிள்ளை ஊசிக்கு அலறினால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

மாத்திரை இல்லையா என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. ஒரே ஒரு பொருள்மீதான பயத்துக்கு மாத்திரை முதல் சிகிச்சை இல்லை. அல்பிரசோலாம் மாதிரியான மாத்திரை அன்றைக்குப் படபடப்பைக் குறைக்கும், ஆனால் கற்றுக்கொள்வதையும் சேர்த்து மழுக்கிவிடும். 1997-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் விமானப் பயம் உள்ள பெண்களில் ஒரு பகுதியினருக்கு அதைக் கொடுத்துப் பறக்கவைத்தார்கள். அன்றைக்குப் பதற்றம் குறைவாக இருந்ததாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து மாத்திரை இல்லாமல் பறந்தபோது அவர்கள் நிலை, முதல்முறை வெற்று மாத்திரை சாப்பிட்டுப் பறந்தவர்களைவிட மோசமாக இருந்தது. மாத்திரையும் ஒரு துடைப்பம்தான், கூடுதலாக அதற்குப் பழகிப்போகும் ஆபத்தும் உண்டு. மேடைப் பேச்சுக்கு முன்னால் கை நடுக்கத்துக்கு ப்ரொப்ரனலால் கொடுப்பதுண்டு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது, ஆகவே நண்பர் கொடுத்தார் என்று வாங்கிப் போடாதீர்கள். ஃபோபியாவோடு மனச்சோர்வோ அடிக்கடி வரும் பீதித் தாக்குதலோ பொதுவாகவே மனிதர்களைச் சந்திக்கப் பயமோ சேர்ந்திருந்தால் கணக்கு வேறு, அங்கே மருந்துக்கு நிஜமான இடம் இருக்கிறது. அதை மனநல மருத்துவர் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

விமானம், உயரம் மாதிரி நினைத்தபோதெல்லாம் பயிற்சி செய்ய முடியாத, செய்தால் பர்ஸ் காலியாகும் பயங்களுக்குக் கண்ணில் மாட்டினால் நிஜம் மாதிரியே காட்சி காட்டும் விஆர் கருவி வழியாகப் பழக்குகிறார்கள். 1990-களின் நடுவிலேயே அமெரிக்காவில் உயரப் பயத்துக்கு இதைச் சோதித்தார்கள். கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் பக்கத்து அபார்ட்மென்டின் இரண்டாவது மாடி போதும்.

சிகிச்சை முடிந்து பயம் போய்விட்டது என்றால் மூளையிலிருந்து அழிந்துவிட்டதா? இல்லை என்கிறார்கள் இதை ஆராய்கிறவர்கள். பழைய 'பல்லி ஆபத்து' அங்கேயே இருக்கும், அதன்மேல் 'பல்லி ஒன்றும் செய்யாது' என்ற புதுப் பாடம் ஏறி உட்காரும், இரண்டில் எது முந்துகிறது என்பதுதான் போட்டி. அதனால்தான் பயிற்சியை ஒரே அறையில் ஒரே பல்லியோடு முடித்துவிடக்கூடாது. வெவ்வேறு இடம், வெவ்வேறு நேரம், வெவ்வேறு அளவில் பல்லி. அக்கா எங்கள் ஹாலில் தேறிவிட்டு, ஊரில் பாட்டி வீட்டு ஓட்டுக்கூரைக்குக் கீழே நின்றபோது மறுபடி ஓடினாள். பீட்டரின் நாய் கதையைத்தான் ஞாபகப்படுத்தவேண்டியிருந்தது. இரண்டு படி கீழே இறங்கி, மூன்று நாள் அங்கேயே பயிற்சி.

யாரிடம் போவது? இந்த வேலையை முறையாகச் செய்யத் தெரிந்தவர்கள் மருத்துவ உளவியலாளர்கள், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள், பெயருக்கு முன்னால் 'மைண்ட் கோச்' என்று போட்டிருப்பவரிடமும் கேளுங்கள். முதல் சந்திப்பில் 'நீங்கள் எக்ஸ்போஷர் செய்வீர்களா, எத்தனை அமர்வு ஆகும்' என்று கேட்டு, பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறு ஆளைப் பார்க்கலாம். பணம் இடித்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-ல் தொடங்கிய பழைய நிறுவனம், பெயரைச் சொன்னாலே முகம் மாறுகிறவர்கள் இன்னும் உண்டு, பல்லிக்குப் பயந்தவர் போனாலும் உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளமாட்டார்கள். எங்கே போவது என்றே தெரியாதவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம். அது ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அக்கா சிகிச்சைக்குப் போனதற்குச் சாம்பார் காரணம் இல்லை. ஐந்து வயது மகள், அவளாகப் பல்லியைப் பார்த்துப் பயந்ததே இல்லாதவள், ஒருநாள் அம்மா மாதிரியே அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பயப்படாத பிள்ளையைப் பார்த்துப் பயம் போகும் என்று ஜோன்ஸ் கண்டாரே, பயப்படும் அம்மாவைப் பார்த்துப் பயம் வரவும் செய்யும். இப்போது சமையலறையில் பல்லி வந்தால் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தாளித்து முடிக்கிறாள். பிடிக்கவில்லைதான், பிடிக்கவேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை. நான் போன மாதம் ரத்தம் கொடுக்கப் போனேன். படுத்துக்கொண்டுதான். காலை இறுக்கி முகத்தைச் சிவக்கவைத்துக்கொண்டு கிடந்தவனைப் பார்த்து லேப் பெண், "என்ன சார், பாத்ரூம் போகணுமா?" என்றார்.